மூடும் முன் ஒரு கேள்வி: டெஸ்க்டாப் புரோகிராமில் விண்டோ மூடுவதைக் கையாளும் வழி

ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறைக்கு ஆர்டர் எழுதும் புரோகிராம் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன். பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலை ஓடு) பதிக்கப் போகும் வீட்டின் அறை அளவுகளை வரிசையாகப் போட்டால், எந்த டிசைனில் எத்தனை கல் வேண்டும் என்று கணக்கிட்டுத் தரும். 12 அடிக்கு 15 அடி அறை என்றால் 180 சதுர அடி. 10 அங்குலக் கல் சதுர அடிக்கு 1.44 வீதம் 260 கல் பிடிக்கும். அப்புறம் உடைசலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அங்கே கணக்கு பார்க்கும் அக்கா, கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் அளவுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முகப்பு, வளவு என்ற நடுமுற்றம், அதைச் சுற்றிய அறைகள், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பதினோரு இடம். நடுவில் போன் வந்தது. விண்டோவைக் கீழே இறக்கி வைக்க நினைத்தவர், பக்கத்திலிருந்த பெருக்கல் குறியை அமுக்கிவிட்டார். விண்டோ மூடிவிட்டது, போட்ட அளவுகள் எல்லாம் போயின. எழுதி வந்த துண்டுச் சீட்டும் அதற்குள் குப்பைக்குப் போயிருந்தது. மறுநாள் காலையில் பட்டறைப் பையன் டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி கானாடுகாத்தான் போனான்.

தவறு அக்காவுடையது இல்லை, என்னுடையது. அன்றிரவே உட்கார்ந்து, மூடும்போதெல்லாம் "நிச்சயமாக மூட வேண்டுமா? ஆம், இல்லை" என்று கேட்கும்படி மாற்றினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. தினமும் பத்து முறை அந்தக் கேள்வி வந்ததால், ஒரே வாரத்தில் அக்காவின் கை படிக்காமலே "ஆம்" அமுக்கப் பழகிவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு வீட்டின் அளவுகள் அதே வழியில் போயின. இந்த முறை கேள்வி கேட்டுவிட்டே அழித்திருந்தது என் புரோகிராம்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைத் திருவிழா முடிந்து பூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் முன்வாசலில் நின்றுகொண்டு "பூட்டலாமா, பூட்டலாமா" என்று ஒவ்வொருவரையும் கேட்பதில்லை. பின்கட்டு வரை ஒருமுறை நடந்து பார்ப்பார். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தாலோ, மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தாலோதான் வந்து சொல்வார். ஒன்றும் இல்லையென்றால் பேசாமல் சாவியைத் திருப்புவார். நம் புரோகிராமும் அப்படித்தான் நடக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டும். கேட்பதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் கேட்க வேண்டும்.

பைத்தானில், விண்டோ செய்வதற்கென்று இருக்கும் டிகிண்டர் தொகுதியை வைத்து ஒரு சின்ன விண்டோவாவது செய்து பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை, போனில் ஒருவருக்குச் சொல்வது போல, ஒலிக்கிறபடி தமிழில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பெருக்கல் குறியை அமுக்கினால் என்ன நடக்கிறது

புதிதாக வருபவர்களுக்கு இது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. விண்டோவின் மேல்பட்டையும் அதிலிருக்கும் மூன்று பட்டன்களும் பெரும்பாலும் உங்கள் புரோகிராம் வரைந்தவை அல்ல. இயங்குதளமோ அதன் விண்டோ மேனேஜரோ வரைந்து வைத்தவை. பெருக்கல் குறியை அமுக்கும்போது இயங்குதளம் உங்கள் விண்டோவைப் பிடுங்கி எறிவதில்லை. "பயனர் இதை மூடச் சொல்கிறார்" என்று உங்கள் புரோகிராமுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். விண்டோஸில் அந்தச் செய்திக்கு டபிள்யூஎம் குளோஸ் என்று பெயர். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 உலகில் டபிள்யூஎம் டெலீட் விண்டோ. டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே நூலகம் இந்த இரண்டாவது பெயரையே எல்லா இயங்குதளத்துக்கும் பொதுவாக வைத்துக்கொண்டது.

அந்தச் செய்திக்கு நீங்கள் எந்த ஏற்பாடும் செய்யவில்லையென்றால், டிகே தானாகவே விண்டோவை அழித்துவிடும். என் முதல் புரோகிராமில் நடந்தது அதுதான். நீங்கள் ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்துவிட்டால் டிகே ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு விண்டோவை அழிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. நீங்கள் அழிக்காவிட்டால் விண்டோ அப்படியே நிற்கும்.

பதிவு செய்வது

முதன்மை விண்டோவுக்கு ரூட் என்று பெயர் வைத்திருப்பீர்கள். ரூட், புள்ளி, புரோட்டோகால் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும். முதலாவது, மேற்கோள் குறிக்குள் டபிள்யூஎம் டெலீட் விண்டோ. எல்லாம் பெரிய எழுத்து, மூன்று சொற்களுக்கும் இடையில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. இரண்டாவது, மூடச் சொல்லும்போது ஓட வேண்டிய உங்கள் ஃபங்ஷனின் பெயர். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அந்த ஃபங்ஷனுக்கு மூடும்போது என்றே பெயர் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் அடைப்புக்குறி போட்டுவிடுவார்கள். போட்டால் பைத்தான் அதை அந்த இடத்திலேயே ஓட்டிவிடும். புரோகிராம் திறந்ததுமே மூடும் கேள்வி வந்து நிற்கும், அல்லது விண்டோ வந்த வேகத்தில் மறைந்துவிடும். பெயரை மட்டும் கொடுங்கள். அழைக்க வேண்டிய நேரத்தில் டிகே அழைத்துக்கொள்ளும்.

முதலில் அந்த ஃபங்ஷனுக்குள் ஒரு வரி அச்சிடும் கட்டளையை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பெருக்கல் குறியை அமுக்க அமுக்க டெர்மினலில் அந்த வரி வரும், விண்டோ மூடாது. உங்கள் பிடிக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது கடைசி வரியாக ரூட், புள்ளி, டெஸ்ட்ராய் சேர்த்தால் மூடும்.

டெஸ்ட்ராய் என்பதற்குப் பதில் குவிட் என்று போடுபவர்களும் உண்டு. குவிட், நிகழ்வுச் சுழலை (கிளிக், கீ போன்ற செய்திகளுக்காகக் காத்திருந்து ஓடும் சுழலை) நிறுத்துமே தவிர விண்டோவை அழிக்காது. விண்டோவை மூடத்தான் இந்த ஃபங்ஷன். அதனால் டெஸ்ட்ராய்தான் சரி.

இன்னொரு குறுக்கு வழியையும் சொல்லிவிடுகிறேன், தவிர்ப்பதற்காக. டெஸ்ட்ராய் என்ற பெயரிலேயே ஒரு நிகழ்வும் இருக்கிறது. நிகழ்வோடு ஃபங்ஷனை இணைக்கும் பைண்ட் கட்டளை மூலம் அதைப் பிடித்துக் கேள்வி கேட்கலாமே என்று தோன்றும். அந்த நிகழ்வு வரும்போது அழிவு தொடங்கிவிட்டது, நிறுத்த முடியாது. ரூட்டில் கட்டினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பட்டனுக்கும் பெட்டிக்கும் தனித்தனியாக வேறு வரும்.

மாறியிருக்கிறதா என்று பார்ப்பது

கேள்வி கேட்பதற்கு முன், சேமிக்காத மாற்றம் இருக்கிறதா என்பது புரோகிராமுக்குத் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, கொடி வைப்பது. மாறியது என்று ஒரு மாறியை வைத்துக்கொண்டு, யாராவது எதையாவது அடித்தால் உண்மை என்றும், சேமித்ததும் பொய் என்றும் ஆக்குவது. அளவு அடிக்கும் பெட்டிகளோடு ஸ்ட்ரிங்வார் என்ற டிகிண்டர் மாறியை இணைத்து, அதன் டிரேஸ் ஆட் கட்டளை மூலம் ஒவ்வொரு மாற்றத்தையும் கவனிக்கலாம். இதில் சிக்கல், பழைய ஆர்டர் ஒன்றைத் திறந்து பெட்டிகளில் நிரப்பும்போதும் கொடி உயர்ந்துவிடும். நிரப்பி முடித்த பிறகு கொடியை இறக்க மறக்கக் கூடாது. நீளமான எழுத்துக்கான டெக்ஸ்ட் பெட்டிக்கு எடிட் மாடிஃபைட் என்று டிகே தானாகவே ஒரு கொடி வைத்திருக்கிறது. அங்கே அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, ஒப்பிடுவது. கடைசியாகச் சேமித்த நிலையை டிக்ஷனரியில் நகல் எடுத்து வைத்துக்கொள்வது; மூடும்போது திரையில் இருப்பதை இன்னொரு டிக்ஷனரியாகத் திரட்டி இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. அறை அளவு, பில், ரசீது மாதிரியான சிறிய படிவங்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். அக்கா 15 என்பதை 16 ஆக்கி, உடனே 15 என்றே திருத்திவிட்டால் கொடி உயர்ந்தே இருக்கும், தேவையில்லாத கேள்வி வரும். ஒப்பிட்டால் வராது. தேவையில்லாத ஒவ்வொரு கேள்வியும் படிக்காமல் அமுக்கும் பழக்கத்தை வளர்க்கிறது என்பதால் இது எனக்குப் பெரிய விஷயம்.

ஒப்பிடும் வழியிலும் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். நகல் உண்மையில் நகலாக இருக்க வேண்டும். சேமித்தது = திரையில் உள்ளது என்று சும்மா சமக்குறி போட்டால், பைத்தானில் இரண்டு பெயரும் ஒரே டிக்ஷனரியைத்தான் காட்டும். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும், கேள்வி வரவே வராது. டீப்காப்பி பயன்படுத்துங்கள். அடுத்து, பெட்டியிலிருந்து வருவது எப்போதும் எழுத்து. டேட்டாபேஸிலிருந்து வருவது எண்ணாக இருக்கலாம். எழுத்து 15ம் எண் 15ம் பைத்தானுக்கு வேறு வேறு. அப்படியே ஒப்பிட்டால் ஒன்றும் தொடாவிட்டாலும் கேள்வி வந்துகொண்டே இருக்கும். கடைசியாக, பெட்டியின் ஓரத்தில் விழுந்த வெற்று இடைவெளிகளைக் கத்தரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இதெல்லாம் சேர்ந்தால் மூடும் ஃபங்ஷனின் எலும்புக்கூடு இப்படி இருக்கும்:

மூடும்போது:
    மாற்றம் எதுவும் இல்லையென்றால்: விண்டோவை அழி, திரும்பு
    பதில் = கேள்வியைக் கேள்
    பதில் "திரும்பிப் போ" என்றால்: எதுவும் செய்யாமல் திரும்பு
    பதில் "சேமி" என்றால்: சேமித்துப் பார், முடியாவிட்டால் திரும்பு
    விண்டோவை அழி

ஆறு வரிதான். இதில் நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது கேள்வி கேட்கும் வரி.

கேள்வியைத் தமிழில் கேட்பது

டிகிண்டரின் மெசேஜ்பாக்ஸ் தொகுதியில் ஆஸ்க் யெஸ் நோ கேன்சல் என்று ஆயத்தமான கேள்விப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆம் என்றால் ட்ரூ, இல்லை என்றால் ஃபால்ஸ், கேன்சல் என்றால் நன் திரும்பி வரும். பழகுவதற்கு இது போதும். ஆனால் ஒன்று: நன், ஃபால்ஸ் இரண்டையுமே பைத்தான் "பொய்" என்று எடுத்துக்கொள்ளும். "பதில் இல்லையென்றால் அழி" என்று சோம்பேறித்தனமாக எழுதினால், கேன்சல் அமுக்கியவரின் வேலையும் அழிந்துபோகும். நன் தானா என்பதை முதலில் தனியாகச் சோதித்துவிடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் புரோகிராமுக்கு இந்தப் பெட்டி போதாது. விண்டோஸில் இது இயங்குதளத்தின் சொந்தப் பெட்டியையே காட்டுகிறது. பட்டன்களின் எழுத்து கம்ப்யூட்டரின் மொழியில்தான் வரும். கேள்வியை நீங்கள் தமிழில் எழுதியிருப்பீர்கள், கீழே யெஸ், நோ, கேன்சல் என்று ஆங்கிலத்தில் நிற்கும்.

சரி, பட்டனையும் அப்படியே தமிழாக்கிவிடலாம் என்று போனால் வேறொரு வம்பு. கேன்சல் என்பதற்கு "ரத்து" என்று வைத்தேன். ஆர்டர் புரோகிராமில் "ரத்து" என்றால் என்ன அர்த்தம்? ஆர்டரை ரத்து செய்வது! அக்கா அந்தப் பட்டனைத் தொடவே பயந்தார். மூடுவதை நிறுத்துவதற்காக நான் வைத்த பட்டன், அவருக்கு வாடிக்கையாளரின் ஆர்டரையே அழிக்கும் பட்டனாகத் தெரிந்தது. "தம்பி, இதை அமுக்கினா கானாடுகாத்தான் ஆர்டர் போயிருமா?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

எதிர்மறைக் கேள்வி இன்னும் மோசம். "சேமிக்க வேண்டாமா?" என்று கேட்டு "ஆம், இல்லை" என்று கொடுத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பேச்சில் "சாப்பிடலையா?" என்றால் "ஆமா, சாப்பிடலை" என்போம். இன்னொருவர் "இல்லை, சாப்பிடலை" என்பார். இரண்டு பதிலுக்கும் பொருள் ஒன்றுதான். நேருக்கு நேர் பேசும்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அதனால் ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லையுமே இந்தப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டனின் மேல் அது செய்யப் போகும் வேலையை எழுதுங்கள். கேள்வியைப் படிக்காமல் பட்டனை மட்டும் படித்தாலும் விளங்க வேண்டும்.

இப்போது பட்டறையில் இருக்கும் பெட்டி இது:

"கானாடுகாத்தான் வீட்டு ஆர்டரில் 11 அறை அளவுகள் இன்னும் சேமிக்கப்படவில்லை."
சேமித்துவிட்டு மூடு | சேமிக்காமல் மூடு | திரும்பிப் போ

எந்த ஆர்டர், எத்தனை அளவு என்று பெயரும் எண்ணும் சொல்வது முக்கியம். "சேமிக்கப்படாத மாற்றங்கள் உள்ளன" என்ற பொதுவான வரியைக் கண் தாண்டிப் போய்விடும். 11 என்ற எண்ணைக் கண்டால் கை நிற்கும்.

பெட்டியை நாமே செய்வது

டாப்லெவல் என்பதைக் கொண்டு ஒரு சிறிய விண்டோ உருவாக்குங்கள். டிரான்சியன்ட் என்ற கட்டளைக்கு ரூட்டைக் கொடுத்தால் அது முதன்மை விண்டோவின் மேலேயே நிற்கும். பின்னால் போய் ஒளிந்துகொண்டு "கம்ப்யூட்டர் ஹேங் ஆயிருச்சு" என்று யாரையும் நினைக்க வைக்காது. ஒரு லேபிளில் வாசகம், அதன் கீழ் மூன்று பட்டன். ஒவ்வொரு பட்டனும் பதில் என்ற மாறியில் தன் பதிலைப் போட்டுவிட்டுச் சிறிய விண்டோவை அழிக்க வேண்டும். பதிலின் தொடக்க மதிப்பு "திரும்பிப் போ" என்றே இருக்கட்டும். எதிர்பாராத எந்த வழியில் பெட்டி மூடினாலும் வேலை பத்திரமாக இருக்கும்.

பின்னர் கிராப் செட். இது பெட்டி திறந்திருக்கும்வரை முதன்மை விண்டோவில் யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளும். லினக்ஸில் பெட்டி திரையில் வருவதற்குள் கிராப் செட் போட்டால் பிழை வரும். அதற்கு முந்தின வரியில் வெய்ட் விசிபிலிட்டி போடுங்கள். கடைசியில் வெய்ட் விண்டோ. பெட்டி மூடும்வரை ஃபங்ஷன் அந்த வரியிலேயே காத்திருக்கும், மூடியதும் பதிலைத் திருப்பித் தரலாம்.

இந்தச் சிறிய விண்டோவுக்கும் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதற்கும் புரோட்டோகால் பதிவு செய்து "திரும்பிப் போ" என்ற பதிலைக் கொடுங்கள். எஸ்கேப் கீக்கும் அதே பதில். ஃபோகஸை "சேமித்துவிட்டு மூடு" பட்டனில் வையுங்கள். அவசரத்தில் தட்டினாலும் நஷ்டம் வராது. "சேமிக்காமல் மூடு" பட்டனை மற்ற இரண்டையும் ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது. கை தவறியதில்தானே இந்தக் கதையே தொடங்கியது.

கேள்வி திறந்திருக்கும்போது மறுபடி மூடச் சொல்லி இன்னொரு செய்தி வந்தால் இரண்டாவது பெட்டி முளைக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கொடி வைத்து, அது உயர்ந்திருந்தால் மூடும்போது ஃபங்ஷன் உடனே திரும்பிவிடட்டும்.

சேமிப்பு தோற்றால்

"சேமித்துவிட்டு மூடு" அமுக்கியாயிற்று. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார்கள், அல்லது டிஸ்க் நிறைந்துவிட்டது. சேமிக்கும் ஃபங்ஷன் பிழை தருகிறது. இந்த நேரத்தில் விண்டோ மூடினால் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. சேமிக்கச் சொன்னவரின் வேலையையே அழித்திருக்கிறோம். சேமிக்கும் ஃபங்ஷன் எப்போதும் வெற்றியா தோல்வியா என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தோல்வி என்றால் காரணத்தைக் காட்டிவிட்டு விண்டோவைத் திறந்தபடியே விடுங்கள். புதிய ஆர்டருக்கு ஃபைல் பெயர் கேட்கும் பெட்டியை அவர் பெயர் கொடுக்காமல் மூடினால் வெற்று எழுத்துச்சரம் வரும். அதையும் "திரும்பிப் போ" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர் எதிரான சிக்கலும் உண்டு. மூடும் ஃபங்ஷனுக்குள் நீங்கள் எழுதிய வரியிலேயே பிழை இருந்தால், டிகிண்டர் பிழைச் செய்தியை டெர்மினலில் அச்சிட்டுவிட்டு ஃபங்ஷனைப் பாதியில் விட்டுவிடும். அழிக்கும் வரி ஓடவே ஓடாது. டெர்மினல் இல்லாமல் ஓடும் கடைக் கம்ப்யூட்டரில் பெருக்கல் குறி செத்துப்போனது போலத் தெரியும். கடைசியில் டாஸ்க் மேனேஜரில் போய்க் கொல்வார்கள், வேலை போகும். இந்த ஃபங்ஷனை எழுதும் காலம் முழுக்க டெர்மினலிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

மற்ற வாசல்கள்

பெரிய வீட்டுக்கு ஒரு வாசல் மட்டும் இருப்பதில்லை. முகப்பில் நுழைந்து பின்கட்டு வழியாக அடுத்த தெருவுக்கே போய்விடலாம். புரோகிராமுக்கும் அப்படித்தான். மெனுவில் "வெளியேறு" வைத்திருப்பீர்கள். அது நேராக டெஸ்ட்ராயை அழைத்தால் காவல் இல்லாத பின்வாசல் ஆகிவிடும். மெனு, ஷார்ட்கட் கீ எல்லாம் மூடும்போது என்ற அந்த ஒரே ஃபங்ஷனையே அழைக்கட்டும். ஆல்ட்டும் எஃப்4ம் சேர்த்து அமுக்குவது பெருக்கல் குறியின் வழியிலேயே வரும், தனி வேலை இல்லை. மேக்கில் கமாண்டும் க்யூவும் அமுக்குவது அந்த வழியில் வராது. டிகே மேக் குவிட் என்ற கட்டளையை கிரியேட் கமாண்ட் மூலம் உங்கள் ஃபங்ஷனோடு இணைக்க வேண்டும்.

கரண்ட் போனால் எந்தச் செய்தியும் வராது. டாஸ்க் மேனேஜரில் கொன்றாலும் வராது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளம் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். நம் கேள்விக்கு யாராவது பதில் சொல்லும்வரை நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. இங்கே உதவுவது நம் பழைய கணக்குப்பிள்ளைகளின் வழக்கம். அவர்கள் எதையும் நேராகப் பேரேட்டில் எழுதவில்லை. நடந்ததை நடந்தவுடன் சிட்டையில் குறித்துக்கொண்டார்கள், பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றினார்கள்.

அதே போல உங்கள் புரோகிராமும் ஒரு சிட்டை ஃபைல் வைத்துக்கொள்ளட்டும். ஆஃப்டர் என்ற கட்டளைக்கு 30000 கொடுத்தால் 30 விநாடிக்குப் பிறகு ஒரு ஃபங்ஷனை ஓட்டும். கணக்கு மில்லி விநாடியில். அந்த ஃபங்ஷன், மாற்றம் இருந்தால் திரையில் உள்ளதைச் சிட்டையில் எழுதிவிட்டு, அடுத்த 30 விநாடிக்குத் தன்னையே மறுபடி பதிவு செய்துகொள்ளட்டும். எழுதும்போது நேராகச் சிட்டையின் மேல் எழுத வேண்டாம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பழையதும் கெடும், புதியதும் முடிந்திருக்காது. தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி முடித்து, பிறகு ஓஎஸ் தொகுதியின் ரீப்ளேஸ் மூலம் சிட்டையின் பெயருக்கு மாற்றுங்கள்.

புரோகிராம் திறக்கும்போது சிட்டை கிடந்தால் "நேற்று பாதியில் நின்ற ஆர்டர் இருக்கிறது" என்று காட்டி, எடுத்துக்கொள்ளும் வழியைக் கொடுங்கள். முறையாகச் சேமித்த பிறகும், தெரிந்தே "சேமிக்காமல் மூடு" அமுக்கிய பிறகும் சிட்டையை அழித்துவிடுங்கள். விண்டோவை அழிப்பதற்கு முன் ஆஃப்டர் கேன்சல் மூலம் அந்த 30 விநாடிப் பதிவை நீக்குவதும் அவசியம். விட்டால், சுழல் முழுவதும் நிற்பதற்குள் இல்லாத விண்டோவைத் தேடிப் பிழை கத்தலாம்.

சிட்டை வந்த பிறகு மூடும் கேள்வியே எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறிப்பு எழுதும் மாதிரியான புரோகிராமில் கேள்வியை முற்றிலும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தானாகச் சேமிப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஆர்டர், பில் போன்றவற்றில் பாதி வேலை பேரேட்டில் ஏறக் கூடாது. அங்கே கேள்வி தேவை.

வேறு கருவிகளில்

எலும்புக்கூடு எங்கும் ஒன்றுதான், பெயர்கள் மாறும். கியூட்டியில் குளோஸ் ஈவென்ட் என்ற ஃபங்ஷனை உங்கள் விண்டோ வகுப்பில் மறுபடி எழுதுங்கள். மூடலாம் என்றால் ஈவென்ட்டுக்கு அக்செப்ட், கூடாது என்றால் இக்னோர். விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஃபார்ம் குளோசிங் நிகழ்வில் கேன்சல் என்பதை ட்ரூ ஆக்கினால் மூடாது. எதனால் மூடுகிறது என்பதை குளோஸ் ரீசன் சொல்லும். விண்டோஸ் ஷட்டவுன் என்றால் கேள்வி கேட்காமல் சிட்டையை எழுதிவிட்டு வழிவிடுங்கள். ஜாவா ஸ்விங்கில் ஜேஃபிரேம் இயல்பாக விண்டோவை மறைக்க மட்டுமே செய்யும், புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே டூ நத்திங் ஆன் குளோஸ் என்று அமைத்துவிட்டு விண்டோ குளோசிங்கில் நீங்களே முடிவெடுக்க வேண்டும். ஜிடிகே 3ல் டெலீட் ஈவென்ட்டுக்கு ட்ரூ திருப்பினால் மூடுவது நிற்கும். ஜிடிகே 4ல் அதற்குப் பெயர் குளோஸ் ரிக்வெஸ்ட்.

கொடுப்பதற்கு முன் சோதிப்பது

எதையும் தொடாமல் மூடிப் பாருங்கள், கேள்வி வரக் கூடாது. பழைய ஆர்டரைத் திறந்து பார்த்துவிட்டு மட்டும் மூடுங்கள், அப்போதும் வரக் கூடாது. ஒரு எண்ணை மாற்றி, பழையபடி திருத்தி மூடுங்கள். பிறகு உண்மையிலேயே மாற்றிவிட்டு மூன்று பட்டன், எஸ்கேப், சிறிய பெட்டியின் பெருக்கல் குறி என்று ஐந்து வழியிலும் மூடிப் பாருங்கள். மெனு வழியாகவும். சேமிக்கும் ஃபோல்டருக்கு எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு "சேமித்துவிட்டு மூடு" அமுக்குங்கள். விண்டோ நிற்க வேண்டும். கடைசியாக, அளவுகளைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து டாஸ்க் மேனேஜரில் கொன்றுவிட்டுத் திறந்து பாருங்கள். சிட்டை பேச வேண்டும்.

அதன் பிறகு, பயன்படுத்தப் போகிறவரிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு முழு நாள் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நான் அப்படி உட்கார்ந்த அன்று அக்கா புரோகிராமைப் பதினாலு முறை மூடினார். கேள்வி ஒரே ஒரு முறைதான் வந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் எழுத்திலிருந்து படித்தார்.